மூன்று எண்ணும் வரை

களக்காட்டுக் கிளைக்கு மேலாளராக வந்தவள்
பெயர் லால்ரின்புயி. ஊர் ஐஸால்.
முதல் வாரமே அவளைப் புய்யம்மா ஆக்கிவிட்டோம்.
முழுப்பெயரைச் சொல்லி முடிக்கும் பொறுமை
எங்களில் யாருக்கு இருந்தது?

தமிழ் நன்றாகவே படித்து வந்திருந்தாள்.
அதை எங்கே பேசுவது என்பதுதான் சந்தேகம்.
ஒருவர் முடித்து, கொஞ்சம் ஆறி,
மற்றவர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு இடம் இருக்குமாம்
அவள் ஊரில்.
இங்கே தேடிப் பார்த்தாள்.
வாழைத்தாரில் சீப்புக்கும் சீப்புக்கும் நடுவே
கத்தி நுழையவாவது இடம் இருக்கிறது.

ஜெபராணி தொடங்கிய வட்டியை
சொரிமுத்து பேசி முடிப்பார்.
"அதான்வே நானும் சொல்லுதேன்" என்று
சொல்லாததையும் சேர்த்துச் சொல்வார் இன்னொருவர்.
அவள் மேசைமேல் கைகளை மடித்து
காத்திருப்பாள்.

"தலக்கனம். வாயத் தொறக்க மாட்டுக்காவ"
என்றார்கள் வெளியே போய்.
"நான் சொல்றது அவங்களுக்கு வேண்டாம் போல"
என்றாள் உள்ளே, என்னிடம்.
அந்த வாக்கியத்தின் பாதியிலேயே
நான் பதிலைத் தொடங்கியிருந்தேன்:

"எங்கூர்ல கேக்கதுன்னா கூடவே ஓடணும் மேடம்.
பாதில புடுங்கி மிச்சத்த நாம சொன்னாத்தான்
புரிஞ்சுதுன்னு அர்த்தம்.
சும்மா இருந்தா கோவம்,
இல்லன்னா காது கேக்கல."

அவள் யோசித்தாள்.
மூன்று எண்ணலாம், அவ்வளவு நேரம்.
அதற்குள் நான் இரண்டு உதாரணம் சொல்லியிருந்தேன்.
"முடிச்சிட்டீங்களா?" என்றாள்.
கிண்டல் இல்லை.
நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு ராத்திரிக் காற்று.
மறுநாள் பலவேசம் வந்தார்.
எண்ணூறு ஏத்தன். குலை தள்ளினது,
கம்பு கொடுத்து நிறுத்தினது.
"நேத்து ராத்திரி..."
"ஆமா, பத்து மணி இருக்கும்" என்றது வரிசை.
"மாவடிப் பக்கம்தான் அடி ஜாஸ்தி."
"எம் மச்சானுக்கும் போச்சு."
"இன்சூரன்ஸ் கெடைக்கும்வே, போன தடவ..."
அவர் நஷ்டத்தை ஆளுக்கொரு தோள் கொடுத்துத்
தூக்கிக்கொண்டார்கள்.
அதுவும் அன்புதான், அதைக் கேலி செய்ய
எனக்கு மனசில்லை.
அவர் வாய் மட்டும் திறந்தபடி நின்றது.

அப்போதுதான் அவள் எழுந்தாள்.
"ஏய், சும்மா இருங்கவே!"

'இருங்க'வோடு 'வே' ஒட்டாது.
யாரும் திருத்தவில்லை.
கடைசியில் குறுக்கே விழுந்துவிட்டாளே என்று
சொரிமுத்துவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது,
அதையும் பாதியில் விழுங்கினார்.

மின்விசிறி மட்டும்.
அவ்வளவு பெரிய அமைதியை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று பலவேசத்துக்குத் தெரியவில்லை.
சுற்றிப் பார்த்தார்,
யாராவது பாதியை வாங்கிக்கொள்வார்களா என்று.
பிறகு:

"சத்தம் கேட்டுது மேடம். ஒண்ணொண்ணா.
நான் எந்திச்சுப் போய்ப் பாக்கல.
கட்டில்ல கெடந்து எண்ணிக்கிட்டே இருந்தேன்.
முந்நூறோட விட்டுட்டேன்."

வரிசையில் ஒருவரும்
"அதான்வே" என்று சொல்லவில்லை.

அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி
"நாளைக்குத் தென்காசிக்கு..." என்று இழுத்தான் தளவாய்.
வழக்கமாக இதற்குள் பஸ் நேரம், மாறவேண்டிய இடம்,
வாங்கிவர வேண்டியது எல்லாம் சொல்லியிருப்பேன்.
நாக்கை மடித்துப் பல்லுக்கு அடியில் வைத்தேன்.
ஒன்று.
நிமிர்ந்து பார்த்தான்.
இரண்டு.
"என்னட்டி, கோவமா?"
மூன்று.
தட்டையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு,
தென்காசியை விட்டுவிட்டுச் சொன்னான்:
"ஒங்கம்ம வைக்கப் புளிக்கொழம்பு இருக்குல்லா,
பதினோரு வருசமா எனக்கு அது..."

இதற்குமேல் எப்படிப் பொறுப்பது,
நீங்களே சொல்...
நான் பாய்ந்துவிட்டேன்.